முழங்கால் வலி: காரணம் அறிவதே முதல் மருத்துவம்

"வயதாகிவிட்டது, மூட்டு தேய்ந்துவிட்டது" என்று தாமே முடிவு செய்துகொண்டு, மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் உட்கொள்வோர் பலர். முழங்கால் வலி ஒரு நோயின் பெயரன்று. பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறி. காரணம் மாறினால் மருத்துவமும் மாறும்.

மூட்டின் அமைப்பு

தொடை எலும்பு, கீழ்க்கால் எலும்பு, முன்புறச் சில்லு எலும்பு ஆகியவை கூடுமிடமே முழங்கால் மூட்டு. எலும்பு முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியுள்ளது. இடையேயுள்ள இரண்டு பிறை வடிவச் சவ்வுகள் அதிர்ச்சியைத் தாங்குகின்றன. குருத்தெலும்பில் நரம்புகள் இல்லை. ஆதலால், தேய்மானம் தொடங்கும்போது வலி தெரிவதில்லை. அடியிலுள்ள எலும்பும் மூட்டின் உள்ளுறையும் பாதிக்கப்படும்போதே வலி எழுகிறது.

காரணங்களும் அடையாளங்களும்

1. மூட்டுத் தேய்மானம்: பெரும்பாலும் 50 வயதுக்கு மேல் வருவது. நடந்தால் வலி கூடும், ஓய்வில் குறையும். காலை நேர இறுக்கம் பொதுவாக 30 நிமிடங்களுக்குள் தளர்ந்துவிடும்.

2. முடக்குவாதம்: காலை இறுக்கம் ஒரு மணி நேரத்திற்கும் மேல் நீடிக்கலாம். கைவிரல் மூட்டுகளும் வீங்கும். இளம் வயதினருக்கும் வரும். தொடக்கத்திலேயே உரிய மருத்துவம் பெற்றால் மூட்டுச் சிதைவைப் பெருமளவு தடுக்கலாம். வலி மாத்திரையால் மட்டும் அது இயலாது.

3. காயம்: கால் திருகியபின் முழுமையாக நீட்ட முடியாமல் மூட்டு சிக்கிக்கொண்டால் பிறைச் சவ்வு கிழிந்திருக்கலாம். சில மணி நேரத்தில் வீங்கி, நடக்கையில் கால் நழுவினால் தசைநார் அறுந்திருக்கலாம்.

4. சில்லு எலும்புப் பகுதி வலி: படியிறங்கும்போதும் நெடுநேரம் அமர்ந்து எழும்போதும் முன்புறம் வலிக்கும்.

5. யூரிக் அமிலப் படிவு: பெரும்பாலும் இரவில் திடீரெனச் சிவந்து வீங்கிக் கடுமையாக வலிக்கும்.

6. இடுப்பு மூட்டு நோய்: வலி முழங்காலில் தோன்றினும் கோளாறு இடுப்பில் இருக்கலாம். குழந்தை முழங்கால் வலியென்று நொண்டினால் இடுப்பையும் பரிசோதிக்க வேண்டும்.

உடனே வரவேண்டிய நிலை

காய்ச்சலுடன் மூட்டு சூடாகி வீங்கினால் மூட்டுக்குள் கிருமித்தொற்று இருக்கலாம். அது சில நாட்களிலேயே மூட்டை அழிக்கவல்லது. விடியட்டும் என்று காத்திராதீர்கள். அடிபட்டபின் கால் ஊன்ற இயலாவிட்டாலும் தாமதிக்கலாகாது.

குடும்பத்தினர் கவனத்திற்கு

வலி மாத்திரைகளை நெடுநாள் உட்கொண்டால் இரைப்பைப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் நேரலாம். முதியோருக்கும் நீரிழிவு உள்ளோருக்கும் ஆபத்து மிகுதி. வலி என்று தொடங்கியது, எப்போது கூடுகிறது, காலை இறுக்கம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இதுவரை உட்கொண்ட மாத்திரைகளின் அட்டைகளையும் தவறாமல் கொண்டு வாருங்கள். எக்ஸ்ரே படம் சொல்லாத பலவற்றை அக்குறிப்பு மருத்துவருக்குச் சொல்லும்.