மலிவு ரெம்மா? பெயர் பெற்ற ரெம்மா?

"ஹாஜியார், ரெண்டும் 8 ஜீபீதான். ஒண்டு கம்பனிப் பேரோட, மற்றது பேரில்லாதது. மலிவைப் போடுவமா?"

கணனி திருத்த வருபவர் இப்படிக் கேட்டால் நம்மில் பலர் விலையை மட்டும் பார்த்துத் தலையாட்டி விடுகிறோம். பில், ஸ்டொக், கடன் கணக்கு எல்லாமே கணனிக்குள் போய்விட்ட இக்காலத்தில் இது சிறிய முடிவல்ல.

ரெம் என்பது கணனியின் வேலை மேசை. நீங்கள் தட்டச்சு செய்யும் பில் ஹார்ட் டிஸ்கில் பதியப்படும் வரை இங்கேதான் இருக்கிறது. இங்கே ஓர் இலக்கம் பிழைத்தால் அந்தப் பிழையே டிஸ்கிலும் பதியப்படலாம். பெரிய சேர்வர்களில் போடும் ஈ.சீ.சீ வகை ரெம் இத்தகைய பிழைகளைப் பிடித்துத் திருத்தும். சாதாரண கடைக் கணனியில் அந்த முழுமையான பாதுகாப்பு இல்லை. கணனி இடையில் நின்று போவதும், நீலத் திரை வருவதும், கோப்புகள் பழுதாவதும் பழுதான ரெம்மின் அறிகுறிகளாக இருக்கலாம்.

"உள்ளே இருப்பது அதே சிப்தான்"

விற்பவர் இப்படிச் சொல்வது முழுப் பொய்யல்ல. உலகின் ரெம் சிப்களில் பெரும்பகுதியை செம்சுங், எஸ்.கே.ஹைனிக்ஸ், மைக்ரோன் ஆகிய மூன்று கம்பனிகளே தயாரிக்கின்றன. 1987இல் கலிபோர்னியாவில் ஆரம்பிக்கப்பட்ட கிங்ஸ்டன் கூட சிப்களை வெளியிலிருந்து வாங்கித்தான் ரெம் செய்கிறது.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? தரம் பிரிப்பதிலும் சோதிப்பதிலும்தான். நெல்லை ஆலையில் தரம் பிரிப்பது போல சிப்பும் தரம் பிரிக்கப்படுகிறது. எல்லாச் சோதனையிலும் தேறியது நல்ல விலைக்குப் போகிறது. தேறாததும், முழுமையாகச் சோதிக்கப்படாததும் மலிவாகக் கைமாறுகின்றன. பழைய ரெம்மிலிருந்து கழற்றி, மேலே அச்சை மாற்றிய சிப்களும் சந்தையில் உண்டு. பெயரில்லா ரெம் நல்லதாகவும் அமையலாம். ஆனால் இன்று வாங்கியதும் அடுத்த மாதம் வாங்குவதும் ஒரே சாமானாக இருக்கும் என்பதற்குப் பொறுப்பேற்க ஆளில்லை.

2025ஆம் ஆண்டின் இறுதியில் செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் கேள்வி காரணமாக ரெம் விலை வேகமாக ஏறியது. அவ்வாண்டு டிசம்பரில் மைக்ரோன் தனது குருஷல் என்ற சில்லறைப் பெயரையே கைவிடுவதாக அறிவித்தது. விலை ஏறும் காலத்தில் மட்டமான சாமானும், பெயர் ஒட்டிய போலியும் கூடவே வரும். எனவே ஸ்டிக்கரை மட்டும் நம்பக் கூடாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. எந்தக் கணனிக்கு என்று முதலில் பாருங்கள். பிள்ளைகள் படிக்கும் கணனிக்கு வரண்டியுள்ள மலிவு ரெம் போதும். கணக்கு வைக்கும் கணனிக்குப் பெயர் பெற்றதையே போடுங்கள்.

2. டீ.டீ.ஆர் 3, 4, 5 ஒன்றுக்குப் பதிலாக மற்றது பொருந்தாது. இரண்டு ரெம் போடுவதாயின் ஒரே வகையில், ஒரே வேகத்தில் வாங்குங்கள்.

3. போட்டவுடன் மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருளால் ஓர் இரவு முழுக்கச் சோதிக்கச் சொல்லுங்கள். பிழை ஒன்று காட்டினாலும் அப்படியே விட்டுவிடாதீர்கள். ரெம்மை மாற்றிக் கேளுங்கள்.

4. பில்லில் பெயர், அளவு, தொடர் இலக்கம், வரண்டிக் காலம் எழுதப்பட வேண்டும். வரண்டி தருவது கடையா, ஏஜன்டா என்பதையும் கேளுங்கள்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. விலை வித்தியாசம் 3,000 ரூபா என்று வைப்போம். மலிவானது பழுதாகித் திருத்துபவருக்கு 2,500 ரூபா கொடுத்து, ஒரு நாள் பில் போட முடியாமல், யார் எவ்வளவு கடன் என்று தெரியாமல் நின்றால் மிச்சம் பிடித்தது எது? நல்ல ரெம் போட்டாலும் தினமும் கணக்கை வேறாகப் பிரதி எடுத்து வைப்பதை விடக் கூடாது.

விற்கும் சகோதரர்களுக்கு

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. நனைந்ததை வாங்குவோர் காணும்படி மேலே வைக்காததைத்தான் அவர்கள் கண்டித்தார்கள். பெயரில்லா ரெம்மை விற்பதும் அது போன்றதே. அதை அதுவென்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் தவறில்லை. "ஒரிஜினல்" என்று சொல்லி விற்பதே மோசடி.

மறைந்திருந்த குறை தெரிய வந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை இஸ்லாமிய வணிகச் சட்டம் வாங்கியவருக்கு அளிக்கிறது. இதனை 'கியாருல் ஐப்' என்பர். ஷாபிஈ மத்ஹபின்படி குறை தெரிந்ததும் தாமதமின்றித் திருப்ப வேண்டும். ஆகவே முதல் இரவிலேயே சோதிப்பது வாங்குபவருக்கும் நல்லது, விற்பவருக்கும் நல்லது.

மலிவை வாங்குவது பிழையல்ல. எதை வாங்குகிறோம் என்று தெரியாமல் வாங்குவதும், தெரிந்தும் சொல்லாமல் விற்பதுமே பிழை. அல்லாஹ் நமது கொடுக்கல் வாங்கலில் பரக்கத் செய்வானாக.