திரை இழுக்கும் பிள்ளையை முதலில் தேடு

மதுக்கரை

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்புச்சி எழுதுவது. உங்கம்மா போனில் விஷயத்தைச் சொன்னாள். ஆண்டு விழாவுக்குப் பொன்னர், சங்கர் என்ற அண்ணன்மார் கதையை இசை நாடகமாகப் போடப் போகிறாயாம். ப்ளஸ் ஒன் படிக்கிற பிள்ளைக்கு நல்ல துணிச்சல். நீ அனுப்பிய பட்டியலையும் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தேன். கொம்பன் பன்றி மேடையில் பாய வேண்டும், ஆற்றில் வெள்ளம் வர வேண்டும், படுகளத்தில் தரையெல்லாம் புகை பரவ வேண்டும், அவர்கள் தங்கை தங்காள் மேலிருந்து கயிற்றில் இறங்க வேண்டும். நடிக்கிறவர்கள், பாடுகிறவர்கள், ஆடுகிறவர்கள் என்று ஒரு பக்கம் முழுக்கப் பெயர்கள். கடைசியில் ஒரே வரி: ‘லைட், மைக் எல்லாம் சவுண்ட் சர்வீஸ்காரர் பார்த்துக்கொள்வார்.’

காலமெல்லாம் மைக் செட் போட்டவன் சொல்கிறேன், அவர் பார்த்துக்கொள்ள மாட்டார். அன்றைக்கு அவருக்கு ஒரு கல்யாணமும் ஒரு காதுகுத்தும் இருக்கும். பாக்ஸை இறக்கி, ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ சொல்லிவிட்டு, விவரம் தெரியாத ஒரு பையனை உட்கார வைத்துவிட்டுப் போய்விடுவார். தங்காள் எந்த வரிக்கு வாயைத் திறப்பாள் என்று அந்தப் பையனுக்கு எப்படித் தெரியும்? சாமான்களை வாடகைக்கு எடுக்கலாம் கண்ணு, தப்பில்லை. அதை இயக்குகிற கை உன் நாடக மன்றத்துப் பிள்ளையின் கையாக இருக்க வேண்டும். பொன்னர் யார், சங்கர் யார் என்று தேடுவதற்கு முன்னால் திரை இழுக்க யார், மிக்ஸரில் உட்கார யார் என்று தேடு.

இது புதுப் புத்தி இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் பையன்களை வைத்து ஒரு சபா நடத்தினார். ஆறு வயதில் அதில் சேர்ந்த தி.க. சண்முகம் பிற்பாடு ‘எனது நாடக வாழ்க்கை’ என்று தன் கதையை எழுதியிருக்கிறார், நூலகத்தில் கிடைத்தால் எடுத்துப் படி. தந்திரக் காட்சி என்றால் நவாப் ராஜமாணிக்கம் கம்பெனி. ‘பக்த ராமதாஸ்’ நாடகத்தில் நவாபாக நடித்தே அந்தப் பட்டம் வாங்கியவர். அவருடைய ‘தசாவதாரம்’ பார்த்துவிட்டு வந்தவர்கள் மாசக்கணக்கில் அதையே பேசிக்கொண்டிருப்பார்கள் என்று எங்கய்யன் சொல்வார். நடிகர் நம்பியார் சாமி சின்னப் பையனாகப் போய்ச் சேர்ந்தது அந்தக் கம்பெனியில்தான். அந்த ஜாலத்துக்கெல்லாம் அடிப்படை என்ன? ஒரே கூரையில் தின்று தூங்கி, ஒரே நாடகத்தை வருசக்கணக்கில் ஆடிய பையன்கள். எந்தக் கயிற்றை எப்போது விடணும் என்பது அவர்கள் உடம்புக்கே தெரியும்.

உனக்குக் கிடைப்பதோ வாரத்தில் இரண்டு சாயங்காலம். அதுவும் இருட்டுவதற்கு முன்னால் பிள்ளைகள் வீடு போய்ச் சேர வேண்டும். ரயில் பாதையில் யானை அடிபடாமல் இருக்க 2024-ல் கேமரா கோபுரம் வைத்த ஊர் நம் ஊர், மறந்துவிடாதே. ஆக, உன்னிடம் இருக்கிற நேரத்துக்கு நாலு தந்திரம் தாங்காது. ஒன்றை வைத்துக்கொள். அது படுகளமாக இருக்கட்டும், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் சத்தம். இசை நாடகத்தில் பாட்டின் சொல் கடைசி வரிசைக்குப் போகவில்லை என்றால் மேலே என்ன வித்தை காட்டியும் பிரயோசனமில்லை. இருபது காலர் மைக் கேட்டிருக்கிறாய். வேண்டாம். திறந்திருக்கிற மைக் இரண்டு மடங்கானால், ‘வீ...’ என்று கத்த ஆரம்பிப்பதற்கு முன் நமக்குக் கிடைக்கிற சத்தம் 3 டெசிபல் குறைந்துவிடும். இருபதையும் திறந்து வைத்தால் வேட்டி உரசுகிறது, சலங்கை, மூச்சு எல்லாம் கேட்கும். பாட்டு மட்டும் கேட்காது. தனியாகப் பாடுகிற நாலு பேருக்குக் கார்ட்லெஸ், கூட்டுப் பாட்டுக்கு மேடை விளிம்பில் மூன்று மைக், அது போதும். யார் மைக்கை எந்த வரியில் திறந்து எந்த வரியில் மூடணும் என்று நாடகப் பிரதியின் ஓரத்திலேயே சிவப்பு மையில் எழுது. மிக்ஸரில் உட்காருகிற பிள்ளை ஒத்திகைக்கு முதல் நாளிலிருந்து வர வேண்டும், பாட்டு முழுக்க அவளுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். பாக்ஸ் மைக்குக்கு முன்னால் நிற்கட்டும், பின்னால் ஒருபோதும் நிற்கக்கூடாது.

அப்புறம் டிராக். யூடியூபிலிருந்து எடுத்த டிராக்கைப் புளூடூத்தில் விட்டுத்தான் ஒத்திகை நடக்கிறது என்று உன் தம்பி சொன்னான். புளூடூத்தில் சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் வரும். பாடுகிற பிள்ளைக்கு அது புரியாது, தாளம் நழுவுகிற மாதிரியே இருக்கும். ஒயர் போடு. போனிலிருந்து விடுகிறதானால் அதை ஃபிளைட் மோடில் வை. சங்கர் விழுகிற நேரத்தில் யாராவது மாமன் கூப்பிடுவார். சுருதியையும் பார்த்துக்கொள். ஒன்பதாவது, பத்தாவது பையன்களுக்கு மகரக்கட்டு உடைகிற வயசு. ஆடியில் ஐந்து கட்டையில் பாடினவன் தையில் இரண்டு கட்டைக்கு இறங்கியிருப்பான். ஆளைத் தேர்ந்தெடுத்த பிறகு பாட்டின் கட்டையை முடிவு செய். ஒவ்வொரு பாடகனுக்கும் மாற்றாள் ஒருத்தரைத் தயார் செய்து வை.

என்னைக் கேட்டால் டிராக்கே வேண்டாம். காட்சி மாறுகிற இடத்துக்காவது வேண்டாம். ஒரு உடுக்கை, ஒரு ஆர்மோனியம், ஒரு பறை இருந்தால் போதும். டிராக் யாருக்காகவும் நிற்காது. கோட்டை வாசல் தட்டி ஒரு ஓரத்தில் மாட்டிக்கொண்டால் பாட்டு அது பாட்டுக்குப் போய்விடும். உடுக்கைக்காரன் அப்படியில்லை, உள்ளே இருந்து கை காட்டுகிற வரைக்கும் ஒரு ஆவர்த்தனம் கூடத் தட்டுவான். சபையும் கதையை விட்டுப் போகாது. ஸ்பெஷல் நாடகத்தில் ஆர்மோனியக்காரருக்கு இருக்கிற மரியாதை இதனால்தான். நம் பக்கத்துக் கொடுமுடியிலிருந்து போன கே.பி. சுந்தராம்பாள் பாடிய மேடைகளிலும் ஆர்மோனியக்காரர் நடிகரின் வாயைப் பார்த்துத்தான் வாசித்தார்.

கரண்டு விஷயத்தை விளையாட்டாக எடுக்காதே. ஆயிரம் வாட் ஹாலோஜன் நாலு போட்டால் 230 வோல்ட்டில் 17 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வகுப்பறைப் பிளக் பாயின்டில் ஜங்ஷன் பாக்ஸ் மாட்டி அதை எரிக்க நினைத்தால் முதல் பாட்டிலேயே இருட்டு. எல்.இ.டி. பார் லைட் எடு, ஒன்று 150 வாட் சுற்றில்தான் வரும், நிறமும் மாறும். லைட்டுக்கு ஒரு லைன், சவுண்டுக்குத் தனி லைன். எர்த் இருக்கிறதா என்று உரிமம் வாங்கிய எலக்ட்ரீசியன் பார்த்துச் சொல்லட்டும். இந்த ஒரு வேலையைப் பிள்ளைகள் தொடக்கூடாது.

காற்றை மறந்துவிட்டுத்தான் பாதிப் பேர் நம் ஊரில் மேடை போடுகிறார்கள். பாலக்காட்டுக் கணவாயின் வாசலில் உட்கார்ந்திருக்கிறோம். ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து அடிக்கும், மார்கழி, தையில் கிழக்கேயிருந்து திருப்பி அடிக்கும். இருபதுக்குப் பன்னிரண்டு அடியில் ஃபிளெக்ஸ் அடித்துப் பின்னால் கட்டப் போகிறாயே, மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று நேராக அடித்தால் அதன் மேல் நூற்றைம்பது கிலோவுக்கு மேல் அழுத்தம் விழும். பாய்மரம் மாதிரி கம்பத்தையே சாய்த்துவிடும். அந்தப் படுதாவே வேண்டாம். நாலு வெள்ளை வேட்டியைத் தனித்தனியாகத் தொங்கவிடு. காற்று ஊடே போய்விடும்.

அதே வேட்டியில் உன் பன்றியும் வந்துவிடும். ஃபைபரில் செய்து சக்கரம் வைக்கிற யோசனையைக் கைவிடு. வேட்டிக்குப் பின்னால் தரையில் ஒரே ஒரு லைட். கையில் முறத்தை முகமாகப் பிடித்து, மூங்கில் சிம்பைக் கொம்பாகக் கட்டிக்கொண்டு ஒரு பையன் வேட்டியை ஒட்டி நிற்கட்டும், நிழல் ஆள் அளவு இருக்கும். அவன் லைட்டை நோக்கிப் பின்வாங்கப் பின்வாங்க நிழல் வளரும். லைட்டுக்கும் வேட்டிக்கும் நடுவில் வரும்போது இரண்டு மடங்கு. அந்த நேரத்தில் பறை எழும்பட்டும். முன் வரிசையில் இருக்கிற ஒன்றாவது பிள்ளைகள் அழுதால் நான் பொறுப்பில்லை.

இப்போது படுகளம். நம் கொங்குக் கிராமங்களில் உடுக்கடித்து இந்தக் கதையை ராத்திரி ராத்திரியாகப் பாடி, கடைசியில் படுகளம் விழுவார்கள். வீரர்களாக வந்தவர்கள் வெட்டுப்பட்ட மாதிரி மண்ணில் சாய்வார்கள், தங்காள் தீர்த்தம் தெளித்து எழுப்புவாள். வீரப்பூரில் மாசித் திருவிழாவில் இன்றைக்கும் நடக்கிறது. கயிறு கிடையாது, புகை கிடையாது. பார்க்கிறவர்களுக்குத் தொண்டை அடைக்கும். செத்தவன் எழுவதை நம்ப வைக்கிற வேலையை உடுக்கைச் சத்தமும் அந்த அமைதியும் செய்துவிடுகின்றன. நீ இதை எடுத்துக்கொள். இருட்டு, ஒரே லைட், தங்காள் நடந்து வருகிறாள், ஒவ்வொருவர் மேலும் தண்ணீர் விழுகிற நேரத்தில் உடுக்கை ஒரு தட்டு, ஆள் எழுகிறான். நேரம் பிசகாமல் இதைச் செய்வது கயிற்றில் இறங்குவதைவிடக் கஷ்டம். போட்டுப் பார்த்தால் தெரியும்.

கயிறு வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. நியூயார்க்கில் பிராட்வேயில் ஸ்பைடர்மேன் கதையை ஏழரைக் கோடி டாலர் செலவில் இசை நாடகமாகப் போட்டார்கள். 2010 டிசம்பரில் சபை நிறைந்திருக்கும்போது ஒரு நடிகர் இருபதடிக்கும் மேலே இருந்து விழுந்தார். அவரைத் தாங்க வேண்டிய கயிறு மாட்டப்படவில்லை. அத்தனை பணம், அத்தனை நிபுணர்கள் இருந்த இடத்தில் அந்தக் கதி. பள்ளிக்கூடத்தில் யாரும் தரையை விட்டு மேலே போக வேண்டாம். இதில் பேரம் கிடையாது.

புகைக்கும் அதேதான். டிரை ஐஸ் போடலாம் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அது கார்பன் டை ஆக்சைடு, காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். உன் படுகளத்தில் தரையில் கிடப்பது யார்? உன் வகுப்புப் பிள்ளைகள். மூச்சை அடைக்கிற வாயுவுக்குள் அவர்களைப் படுக்க வைக்கலாமா? ஃபாக் மெஷினும் தரையை வழுக்க வைக்கும்; போதாததற்குக் கணவாய்க் காற்று அதை அரை நிமிசத்தில் எட்டிமடைப் பக்கம் கொண்டுபோய்விடும்.

விளக்கை அணைக்கிறாய் என்றால் மேடை விளிம்பு, படி, தூண் எல்லாவற்றிலும் ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டு. இருட்டில் யார் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பகலில் கண்ணை மூடிக்கொண்டு நடந்து பழகட்டும். ‘இப்போ’ என்று சொல்கிற அதிகாரம் ஒரே ஆளிடம் இருக்கட்டும், அந்த ஆள் நீயாக இருக்காதே. நீ இயக்குநர், பதற்றத்தில் இருப்பாய். வகுப்பில் அதிகம் பேசாத, நோட்டை ஒழுங்காக எழுதுகிற பிள்ளை ஒருத்தி இருப்பாளே, அவளிடம் பிரதியைக் கொடு. அவள் கை காட்டினால் லைட், அவள் கை காட்டினால் பறை. தலைமை ஆசிரியரே வந்து சொன்னாலும் அவள் சொல்லாமல் திரை விழக்கூடாது. நடிகர்களே இல்லாமல் லைட்டும் சவுண்டும் திரையும் மட்டும் ஓட்டிப் பார்க்கிற ஒத்திகை ஒன்றை வை. பிள்ளைகளுக்குச் சலிப்பாக இருக்கும், இருந்தாலும் வை.

கதையைப் பற்றி ஒன்று. அண்ணன்மாருக்கு எதிரிகளாக வருகிறவர்கள் வேட்டுவர்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளும் உன் பள்ளியில் படிக்கிறார்கள், உன் மேடையிலும் ஏறலாம். ஊரில் பாடுகிறபோது வருகிற சில வசவுகளை அப்படியே தூக்கி வந்து பள்ளி மேடையில் வைக்காதே. அவர்கள் தலைவன் தலையூர்க் காளிக்கும் ஒரு நல்ல பாட்டு கொடு, அவன் பக்கத்து நியாயத்தையும் அவன் பாடட்டும். சாம்புவனைச் சும்மா பறை தூக்கிக்கொண்டு பின்னால் வருகிறவனாக ஆக்கிவிடாதே. கதை முழுக்க அண்ணன்மாரோடு நின்றவன் அவன். கதை சொல்கிற பொறுப்பையே அவனுக்குக் கொடுத்தால் நாடகம் நிமிர்ந்துவிடும். உடுக்கை பிடிக்கத் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேளுங்கள். போகும்போது வேட்டி துண்டு வைத்து அனுப்புங்கள்.

பெரிய மிக்ஸரும் இரண்டு ஸ்டாண்டும் என் பழைய அறையில் இருக்கின்றன. வாடகை வேண்டாம், மிக்ஸரில் உட்காரப் போகிற பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை அனுப்பு, சொல்லித் தருகிறேன். அழைப்பிதழ் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று உங்கம்மா சொன்னாள். பொன்னர், சங்கர், தங்காள் பெயர் போடுகிற அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில், திரை இழுக்கிறவன், லைட் பிடிக்கிறவன், மைக் பார்க்கிறவள், கை காட்டுகிறவள் பெயரையும் போடச் சொல். அச்சகத்தில் இடம் இல்லை என்பார்கள். சிறப்பு விருந்தினரின் பட்டங்களில் இரண்டை எடுத்துவிட்டுப் போடச் சொல்.

உன்,
அப்புச்சி