இருவர் பெயரில் ஒரு கணக்கு

பணத்தைத் தனித்து வைப்பதினும் பிறரோடு சேர்ந்து வைப்பதற்கு நம்பிக்கை அதிகம் வேண்டும். அந்த நம்பிக்கையைத் தெளிவாக எழுதி வைத்தலும் வேண்டும். தருமபுரி மாவட்டத்தாருக்கு இது புதிய பாடமன்று. 1989-ஆம் ஆண்டில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் சுய உதவிக் குழுக்களை முதலில் அமைக்கத் தொடங்கியது நம் மாவட்டத்திலேதான். அந்நாளில் கிருஷ்ணகிரியும் இம்மாவட்டத்தில் அடங்கியிருந்தது. 2004-இல் அது பிரிந்தது. பதிவு பெறாத குழுவும் பாங்கில் சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம் என்று 1993-இல் ரிசர்வ் பாங்கு அனுமதி அளித்தது. குழுவின் பணத்தை ஒருவர் மட்டும் எடுக்க இயலாது. பிரதிநிதிகள் சேர்ந்து கையொப்பமிட வேண்டும். அந்தக் கட்டுப்பாடே குழுவைக் காத்தது.

இன்று அங்கத்தினர் குடும்பங்கள் பலவற்றில் மகனோ மருமகனோ கடல் கடந்து வேலை செய்கின்றனர். சிலர் அங்கேயே அயல்நாட்டாரை மணக்கின்றனர். உள்ளூரில் இருப்பவரும் அயல்நாட்டில் இருப்பவரும் ஒரே கணக்கில் பெயர் சேர்க்கலாமா? சேர்த்தால் யாருக்கு என்ன உரிமை? இம்மாதப் பாடத்தில் இதனை ஆராய்வோம்.

கையாளும் முறை

கூட்டுக் கணக்கு என்ற பெயர் ஒன்றாயினும் அதன் முக்கிய வகைகள் மூன்று. முதலாவது, இருவரும் சேர்ந்து கையொப்பமிடுவது. இதில் மோசடிக்கு இடம் குறைவு. ஆனால் ஒருவர் இறந்தால் மற்றவர் தனியே பணம் எடுக்க இயலாது. இரண்டாவது, ‘இருவரில் எவரேனும் அல்லது உயிரோடிருப்பவர்’ என்பது. இதில் யாரும் தனியே எடுக்கலாம். மூன்றாவது, ‘முதலாமவர் அல்லது உயிரோடிருப்பவர்’ என்பது. முதற்பெயருக்குரியவர் வாழும்வரை கணக்கைக் கையாளும் உரிமை அவருக்கே. அவர் காலத்திற்குப் பின்னரே அது இரண்டாமவருக்கு வரும்.

விண்ணப்பத்தில் இம்மூன்றில் ஒன்றைக் குறிக்கும் இடம் மிகச் சிறியது. ஒரு குடும்பத்தின் பிற்கால நிம்மதி அச்சிறிய இடத்தில் அடங்கியிருக்கிறது.

ஒருவர் அயல்நாட்டில் இருந்தால்

பாலக்கோட்டுப் பகுதியில் தக்காளி பயிரிடும் தந்தை ஒருவரும், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவர் மகனும் உள்ளனர் என்று கொள்வோம். வேலைக்காக வெளிநாடு சென்ற மகன் அதனைப் பாங்குக்கு அறிவிக்க வேண்டும். அவர் பெயரில் இருந்த பழைய சாதாரணக் கணக்கு என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றப்பட வேண்டும்.

அங்கே ஈட்டிய பணத்திற்கு ஏற்றது என்.ஆர்.இ. கணக்கு. அதன் வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை. பணத்தைத் தடையின்றி வெளிநாட்டுக்குத் திரும்பவும் கொண்டு செல்லலாம். இங்கே கிடைக்கும் வாடகை, குத்தகை முதலியன என்.ஆர்.ஓ. கணக்கில் சேரும். அதன் வட்டிக்கு வரி உண்டு. ஒரு நிதியாண்டில் 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளியே அனுப்பலாம்.

மகனின் என்.ஆர்.இ. கணக்கில் தந்தை பெயரைச் சேர்க்கலாம். ஆனால் மூன்றாவது வகையில் மட்டுமே. ஆகவே மகன் வாழும் காலத்தில் தந்தை இரண்டாமவர் என்ற உரிமையால் பணம் எடுக்க இயலாது. எடுக்க வேண்டுமாயின் மகன் அதிகாரப் பத்திரம் எழுதித் தர வேண்டும். அப்பத்திரமோ எழுதிக் கொடுத்தவர் மறைந்தவுடன் செல்லாததாகிவிடும். பத்திரம் உயிருள்ள நாளுக்கு; கூட்டுப் பெயர் அதற்குப் பிந்திய நாளுக்கு. இரண்டும் இருத்தல் நலம்.

மாறாக, தந்தையின் உள்ளூர்க் கணக்கில் மகன் பெயரை ‘இருவரில் எவரேனும்’ என்ற முறையில் சேர்க்கலாம். அப்பொழுது மகன் தம் சொந்தப் பணத்தை அதில் செலுத்தலாகாது. தந்தையின் பொருட்டு உள்நாட்டுச் செலவுகளுக்கு மட்டுமே அதனைக் கையாளலாம். மகனின் சம்பளத்தை அக்கணக்கிற்கு அனுப்பச் செய்வது விதிக்கு மாறானது.

அயல்நாட்டு வாழ்க்கைத் துணை

நம்மவர் ஒருவர் தாய்லாந்து மங்கையை மணந்து அங்கே வாழ்கிறார் எனில், இந்தியக் குடிமகனின் மனைவி என்ற முறையில் நம் விதிகள் அவரை இந்திய வம்சாவளியினர் வரிசையில் ஏற்கின்றன. கணவரோடு சேர்ந்து அவர் என்.ஆர்.இ. கணக்கு வைக்கலாம். சுற்றுலாவாக வரும் அயல்நாட்டாருக்கோ ஆறு மாதம் வரை என்.ஆர்.ஓ. கணக்கு உண்டு.

தாய்லாந்துப் பாங்குகளிலும் ‘சேர்ந்தே’ என்றும் ‘எவரேனும்’ என்றும் கூட்டுக் கணக்கில் இரு வகை உண்டு. அயல்நாட்டாரிடம் கடவுச்சீட்டோடு நீண்டகால விசாவோ வேலை அனுமதியோ பெரும்பாலும் கேட்கின்றனர். மொழி தெரியாத படிவத்தில் எவ்வகை குறிக்கப்பட்டது என்பதை அறிந்த பின்னரே கையொப்பமிட வேண்டும்.

பணத்தின் பாதுகாப்பு

4-2-2020 முதல் ஒரு பாங்கில் ஒருவருடைய வைப்புக்கு வட்டியுடன் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. மாவட்ட மத்தியக் கூட்டுறவு பாங்கின் வைப்புக்கும் இது பொருந்தும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களில் உள்ள வைப்புக்கு இக்காப்பீடு இல்லை.

1-11-2025 முதல் வைப்புக் கணக்கிற்கு நான்கு பேர் வரை நியமனம் செய்யலாம். கூட்டுக் கணக்கில் எல்லோரும் மறைந்த பின்னரே நியமனதாரருக்கு உரிமை எழும். உயிரோடிருப்பவரோ நியமனதாரரோ பாங்கிலிருந்து பணத்தைப் பெறுவதனால் மட்டும் ஏனைய வாரிசுகளின் பாத்தியதை அழிந்துவிடாது. ஆதலின் உயில் எழுதி வைத்தலும் அவசியம்.

அன்பு கணக்குப் பார்ப்பதில்லை என்பர். ஆனால் கணக்கு ஒழுங்காக இருக்கும் வீட்டில் அன்புக்கு ஊறு நேர்வது குறைவு. அங்கத்தினர்கள் தத்தம் பாங்குப் புத்தகத்தை எடுத்து, அதில் எவ்வகை குறிக்கப்பட்டிருக்கிறது என்பதை இவ்வாரமே பார்த்துக்கொள்வார்களாக.

கூடிப் படிப்போர் விவாதிக்க வேண்டிய வினாக்கள்

1. அதிகாரப் பத்திரம், கூட்டுப் பெயர் இவற்றுள் எது எப்பொழுது பயன்படும்?
2. மகனின் வெளிநாட்டுச் சம்பளம் தந்தையின் உள்ளூர்க் கணக்கில் ஏன் சேரலாகாது?
3. நம் சங்கத்தின் பணத்திற்கு எவ்வகைக் கையொப்ப முறை ஏற்றது? ஏன்?