கடைப் பேரோட வீட்டுக்கு வந்த கந்தன்

இன்னிக்கு ஒரு சின்னப் பாடம். நம்ம பூஜை அறையில இருக்கற முருகன் படம் எந்த வழியா வந்துச்சு?

*1. துணியோட வந்த சீட்டு*
19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில மான்செஸ்டர் மில் துணி கப்பல்ல வரும். துணி மேல ஒரு வண்ணச் சீட்டு ஒட்டியிருக்கும். படிக்கத் தெரியாதவங்களும் படத்தைப் பார்த்தே சரக்கை அடையாளம் கண்டுக்கணும், அதான் நோக்கம். யானை, புலி, நம்ம சாமிகள் எல்லாம் அதுல வந்தாங்க. அதே காலத்துல ஐரோப்பாவுல லீபிக் கம்பெனி கொடுத்த பட அட்டைகளை ஆல்பத்துல ஒட்டிச் சேர்த்தாங்க. இங்க சாமி படம் கிடைச்சா பூஜை மாடத்துக்குப் போச்சு.

*2. கல்லுல பிறந்த நிறம்*
எண்ணெயும் தண்ணியும் ஒட்டாது. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லுல எண்ணெய்ப் பசையுள்ள மையால வரைஞ்சு, கல்லை ஈரமாக்கி, மையை உருட்டினா வரைஞ்ச இடத்துல மட்டும் மை பிடிக்கும். ஒரு நிறத்துக்கு ஒரு கல். தாள் மயிரிழை விலகினாலும் முகம் கலங்கிடும்.

*3. வாசல் தேடி வந்தவர்*
1894-ல ரவிவர்மா பம்பாயில அச்சகம் தொடங்கினார். வள்ளி தெய்வானையோட மயில்மேல் ஆறுமுகன் படமும் அவர் வரைஞ்சதுல உண்டு. நம்ம விராலிமலையில கும்பிடற அதே ஆறுமுகக் கோலம்! மதராஸ் மாகாணத்துல ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1939-ல. அதுவரைக்கும் கோயில் வாசல்லயே நிறுத்தப்பட்டவங்களுக்கு, கிட்ட நின்னு கும்பிடக் கிடைச்ச சாமி இந்தக் காகிதச் சாமிதான். விளம்பரம்னு இதைச் சாதாரணமா நினைக்கலாமா?

*4. கோவில்பட்டியும் சிவகாசியும்*
நாடகத் திரைச்சீலை வரைஞ்ச கொண்டையராஜு (1898–1976) கோவில்பட்டியில இருந்து வரைஞ்ச சாமி படங்கள், சிவகாசி அச்சுல காலண்டரா ஊரெங்கும் போச்சு. படம் ஒண்ணுதான். அடியில ஊருக்கு ஊர் வேற வேற கடைப் பேர்.

*வீட்டுப்பாடம்*
மணப்பாறை சொந்தங்களே, பழைய காலண்டர் படத்துக்குச் சட்டம் போடும்போது கடைப் பேர் உள்ள அடிப்பகுதியை வெட்டிடறோம். வெட்டாதீங்க! ஊர், வருஷம், அச்சகம், சில நேரம் ஓவியர் பேர்கூட அதுலதான் இருக்கும். மூடிப்போன ஒரு கடைக்கு அந்தத் துண்டுதான் கடைசி சாட்சியா இருக்கலாம். செலோடேப் ஒட்டாம, முழுப் படத்தையும் முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வைங்க. தாத்தா பாட்டிகிட்ட எந்தக் கடையில கொடுத்ததுன்னு கேட்டு எழுதி வைங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!