வேலிக்கு உள்ளேயா, வெளியேயா?

அன்புள்ள தம்பி,

தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தில் ஒரு ஷெட் காலியாக இருக்கிறது, கைப்பைத் தொழிலுக்கு அதை எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். இறக்குமதி வரி இல்லை, ஜிஎஸ்டி இல்லை, வருமான வரியும் இல்லை என்று தரகர் சொன்னதாகவும் எழுதியிருந்தாய். கடைசியாகச் சொன்னதை முதலில் அடித்துவிடு. ஏற்றுமதி லாபத்துக்கு முதல் 5 ஆண்டுகள் முழு விலக்கு என்றிருந்த சலுகை, புதிதாக வருகிறவர்களுக்கு 2020-21உடன் முடிந்துபோனது. மிச்சமிருப்பது சுங்கவரியும் ஜிஎஸ்டியும்தான். அவை பெரிய சலுகைகளே. ஆனால் எல்லாருக்கும் அல்ல.

1984இல் ஏற்றுமதி வளாகமாகத் தொடங்கிய மெப்ஸ், 2003இல் சிறப்புப் பொருளாதார மண்டலம் ஆனது. 2005ஆம் ஆண்டின் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டப்படி, சுங்கக் கணக்கில் மண்டலத்தின் வேலிக்கு உள்ளே இருக்கும் நிலம் இந்தியச் சுங்க எல்லைக்கு வெளியே இருப்பதாகக் கொள்ளப்படுகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற விதிகள் தாமாகப் புரியும். இத்தாலியிலிருந்து வரும் பக்கிளுக்கு வரி இல்லை, ஏனென்றால் அது இன்னும் நாட்டுக்குள்ளேயே வரவில்லை. ஆம்பூரிலிருந்து நீ வாங்கும் தோல் ஏற்றுமதி போலக் கருதப்படும், அதனால் ஜிஎஸ்டி பூஜ்யம்.

அதே காரணத்தால், நீ தைத்த பையைத் தி.நகர் கடைக்குக் கொடுத்தால் அது இறக்குமதி. பில் ஆஃப் என்ட்ரி போட்டு, சுங்கவரி கட்டித்தான் வெளியே எடுக்க முடியும். பொது விதிப்படி அந்த வரி பக்கிளுக்கு மட்டும் அல்ல, முழுப் பைக்கும். நம்மூர்த் தோலுக்கும், உன் ஆட்கள் வாங்கிய கூலிக்கும் சேர்த்து வரி. ஆசியான் ஒப்பந்த நாட்டில் தைத்த பைக்கு வரிச்சலுகை கிடைக்கும்; தாம்பரத்தில் தைத்ததற்குக் கிடைக்காது. இது நியாயமில்லை என்றுதான் நான் நினைக்கிறேன், தொழில்துறையினரும் வெகுநாளாக இதைச் சொல்லி வருகிறார்கள். ஆனால் மாறும் என்று நம்பி ஷெட் எடுக்காதே.

ஆகவே சலுகைப் பட்டியலை மூடிவைத்துவிட்டு உன் ஆர்டர் புத்தகத்தைத் திற. பத்துப் பையில் ஒன்பது ஜெர்மனிக்குப் போகிறதென்றால் உள்ளே போவதைப் பற்றிப் பேசலாம். பாதி உள்ளூர் என்றால் வேண்டாம். 5 ஆண்டுக் கணக்கில் நீ ஈட்டும் அந்நியச் செலாவணி, செலவழித்ததைவிடக் கூடுதலாக இருந்தாக வேண்டும் என்பதும் நிபந்தனை.

வேலிக்கு வெளியே இருந்தும் ஏற்றுமதி செய்யலாம் என்பதைத் தரகர் சொல்லியிருக்க மாட்டார். அட்வான்ஸ் ஆதரைசேஷன் என்ற அனுமதியை வாங்கினால், ஏற்றுமதிச் சரக்குக்கான மூலப்பொருளை வரியில்லாமல் வரவழைக்கலாம். 2019 முதல் நடைமுறையில் உள்ள சுங்கக் கிடங்கு உற்பத்தித் திட்டத்தில் ஏற்றுமதிக் கட்டாயமே கிடையாது. உள்ளூரில் விற்றால், சுங்கவரியாக அந்தச் சரக்குக்குள் போன இறக்குமதிப் பொருளுக்கானதை மட்டும் கட்டினால் போதும். இரண்டையும் ஆடிட்டரிடம் கேள்.

அன்றாடத் தொல்லையும் ஒன்று உண்டு, அது கேட்டில் இருக்கிறது. தோல் வெட்டும் டை ஒன்று மழுங்கிவிட்டது என்று வைத்துக்கொள். வெளியே கடை போட்டிருப்பவன் அதைப் பையனிடம் கொடுத்துக் குரோம்பேட்டைப் பட்டறைக்கு அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போவான். உள்ளே இருப்பவன் பழுதுபார்க்க எடுத்துப்போவதாகக் காகிதம் போட்டு, டையின் அடையாளத்தைக் குறித்து, கேட்டில் காட்டிவிட்டு அனுப்ப வேண்டும். திரும்பி வரும்போது அதே டைதானா என்று ஒத்துப் பார்ப்பார்கள். வெட்டி மிஞ்சிய தோல் துண்டுகளைக்கூடக் கணக்கில்லாமல் வெளியே கொண்டுபோக முடியாது. இதற்கென்றே விவரமான ஓர் ஆள் வேண்டும். அவர் சம்பளத்தையும் செலவில் சேர்.

இத்தனைக்கும் பிறகு மெப்ஸை நான் ஒதுக்கமாட்டேன், காரணம் அது இருக்கும் இடம். எதிரிலேயே தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையம். கூடுவாஞ்சேரி, செங்கல்பட்டு பக்கத்துப் பெண்கள் மின்சார ரயிலில் வந்து இறங்கி நடந்தே வேலைக்கு வந்துவிடலாம். தையல் தெரிந்த கைகள் இல்லாமல் உன் தொழில் ஒரு நாள்கூட ஓடாது. ஊருக்கு வெளியே வாடகை குறைவான மண்டலத்துக்குப் போனால் பஸ் நீதான் விட வேண்டும். விமான நிலையமும் பக்கம், அவசர சாம்பிள் அனுப்ப உதவும்.

பெரிய கம்பெனி ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தால் ஆர்டர் தானாக வரும் என்றும் யாராவது சொல்வார்கள். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவை நம்பி அதே வளாகத்துக்குள் உதிரிபாகக் கம்பெனிகள் வந்தன. 2014 நவம்பரில் நோக்கியா ஆலை நின்றது. பல ஆயிரம் பேரின் வேலை போனது. அந்த ஆண்டு முடிவதற்குள் அதே வளாகத்திலிருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் உற்பத்தியை நிறுத்தியது. நீ போகும் இடத்தில் உனக்கு இரண்டு, மூன்று வாங்குவோராவது இருக்கட்டும்.

மண்டலத்து நிலம் குத்தகைதான், விலைக்கு வராது. அதனால் வங்கி மேலாளர் உன் கடன் மனுவை வேறு கண்ணோடு பார்ப்பார். பழைய குத்தகைதாரர் வைத்த பாக்கி ஏதும் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்கு. அனுமதிக் கடிதம் கிடைத்தால் ஓராண்டுக்குள் உற்பத்தி தொடங்க வேண்டும். காரணம் காட்டி நீட்டிப்புக் கேட்கலாம். விலகுவதென்றால், வரியில்லாமல் கொண்டுவந்த இயந்திரங்களுக்குத் தேய்மானம் போக மீதி மதிப்பில் வரி கட்டிவிட்டுத்தான் கிளம்ப முடியும். அதற்கும் இப்போதே ஒரு தொகையை எழுதிவை.

முன்பணம் கொடுப்பதற்கு முன், வெளிநாட்டு ஆர்டர் எவ்வளவு, உள்ளூர் எவ்வளவு என்று 5 ஆண்டுக் கணக்கை ஒரே தாளில் போட்டு எனக்கு அனுப்பு. மெப்ஸுக்கு ஒரு பத்தி, கிடங்குத் திட்டத்துக்கு ஒரு பத்தி, இரண்டும் இல்லாமல் வெளியே இருப்பதற்கு ஒரு பத்தி. ஆள் சம்பளத்தை மூன்றிலும் தனியாகக் காட்டு. பார்த்துவிட்டு, நானே உன்னோடு வந்து ஷெட்டைப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்