கல்லாற்றங்கரை நடை

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில் கல்லாறு என்னும் சிற்றூர் உள்ளது. வழவழப்பான உருண்டைக் கற்களின்மேல் தெளிந்த நீர் ஓடும் ஆற்றுக்கும் அதுவே பெயர். தமிழிலும் மலையாளத்திலும் அப்பெயரின் பொருள் ஒன்றே.

இங்கிருந்து மீன்முட்டி அருவிக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் காட்டுவழி. வழியின் பெரும்பகுதி ஆற்றை ஒட்டியே செல்வதால், காட்டுக்குப் புதியவர்களும் எளிதில் நடக்கலாம். அருவியை நெருங்கும்போது மட்டும் பாறைகளில் ஏற வேண்டும். நீரை எதிர்த்து நீந்தி வரும் மீன்கள் அருவியில் முட்டி நின்றுவிடுவதால் இப்பெயர் வந்தது என்பர்.

வனத்துறையின் அனுமதி பெற்றே இங்குச் செல்ல வேண்டும். கீழே வெயில் அடித்தாலும், மலைமேல் பெய்த மழையால் ஆறு திடீரெனப் பெருகும். தெளிந்த நீர் கலங்கினாலோ சருகுகள் மிகுதியாக மிதந்து வந்தாலோ உடனே கரையேற வேண்டும்.

இம்மலைகள் அகத்தியமலைத் தொடரைச் சேர்ந்தவை. அத்தொடரின் கிழக்குச் சரிவில் பிறக்கும் தாமிரபரணி, நெல்லை வயல்களை வளமாக்கி மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. மேற்குச் சரிவில் பிறக்கும் கல்லாறு, வாமனபுரம் ஆற்றோடு சேர்ந்து அரபிக்கடலை அடைகிறது. திசை வேறாயினும் தாய்மலை ஒன்றே. ஆதலால், நெல்லையிலிருந்து வந்த பிள்ளைக்குக் கல்லாறு அயலூர் ஆறு அன்று.

பயிற்சி

1. ‘கல்லாறு’ – பிரித்து எழுதுக.
2. ஆற்றில் வெள்ளம் வருவதை எவ்வாறு அறியலாம்?
3. உங்கள் சொந்த ஊர் ஆறு எங்கே பிறக்கிறது? பெற்றோரிடம் கேட்டு ஐந்து தொடர்கள் எழுதுக.