தொடக்கப் பள்ளியிற் கணிப்பொறி: இருத்தலும் எய்துதலும்

திருமறையில் முதன்முதலாக அருளப்பெற்ற வசனங்கள் ஓதுதலையும் எழுதுகோலையும் பேசுகின்றன. கல்விக் கருவியைப் போற்றும் அம்மரபில் வந்த நாம், இக்காலத்து எழுதுகோலாகிய கணிப்பொறி சின்னஞ்சிறு பிள்ளைகளின் கைக்கு எவ்வாறு சென்றது, எங்கே செல்லாது நின்றது என ஆராய்வது பொருத்தமுடையது.

சிறுவர்க்குக் கணிப்பொறி என்னும் எண்ணம் புதியதன்று. 1967ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட்டும் அவர்தம் தோழர்களும் ‘லோகோ’ என்னும் நிரல்மொழியைச் சிறுவர்க்கென்றே படைத்தனர். ‘முன்னே செல்’, ‘வலப்புறம் திரும்பு’ எனப் பிள்ளை ஆணையிட, ஆமை ஒன்று கோடு வரையும். பொறி பிள்ளைக்குக் கற்பித்தல் என்பது மாறி, பிள்ளை பொறிக்குக் கற்பித்தல் என்றாயிற்று.

ஆயினும் எண்ணம் வேறு, எய்துதல் வேறு. பிரிட்டனில் 1982இல், தொடக்கப் பள்ளிகள் வாங்கும் கணிப்பொறியின் விலையிற் பாதியை அரசு ஏற்றது. 1983இல் கலிபோர்னியாவில் ஆப்பிள் நிறுவனம், வரிச்சலுகை பெற்று, ஏறத்தாழ 9,000 பள்ளிகளுக்குப் பள்ளிக்கு ஒன்றாகக் கணிப்பொறி வழங்கியது. பாராட்டத்தக்க செயல்களே. எனினும் ஒரு சிறு கணக்கு: நாற்பது பிள்ளைகள், நாற்பது நிமிடப் பாடவேளை, ஒரே பொறி எனில் தலைக்கு ஒரு நிமிடம். அந்நேரத்தில் ஏழு வயதுப் பிள்ளை தன் பெயரையும் தட்டி முடிக்காது. அதிலும் நம் பிள்ளைகளின் பெயர்கள் நீளமானவை!

‘பிள்ளைக்கு ஒன்று’ என்பதே தீர்வெனக் கொண்டு, நூறு டாலரில் மடிக்கணிப்பொறி செய்யும் திட்டத்தை 2005இல் நிக்கோலஸ் நெக்ரோபாண்டே அறிவித்தார். விலை அந்நூறில் நிற்கவில்லை. எனினும் பெரு நாடு அவற்றைப் பெருமளவில் வாங்கித் தன் சிற்றூர்ப் பள்ளிகளுக்கு அனுப்பியது. 319 பள்ளிகளில் மேற்கொள்ளப்பெற்ற ஆய்வொன்று 2012இல் வெளிவந்தது. கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் மதிப்பெண் உயரவில்லை என்பதே அதன் முடிபு. பொதுவான அறிதிறனில் மட்டும் சிறிது முன்னேற்றம் காணப்பட்டது.

காரணங்களே நாம் ஊன்றி நோக்கத்தக்கவை. பெரும்பாலான பள்ளிகளில் இணைய இணைப்பு இல்லை. ஆசிரியர்க்குக் கிடைத்த பயிற்சி குறைவு. பொறியையும் பாடத்தையும் இணைத்துக் காட்டுவார் இலர். பழுதாயினும் களவுபோயினும் பொறுப்பு தம் தலையில் விழுமோ என அஞ்சியதாற் பல பிள்ளைகள் பொறியை வீட்டுக்குக் கொண்டு செல்லவேயில்லை. இவ்வச்சம் பெருவுக்கு மட்டும் உரியதன்று. நன்கொடையாளர் அன்புடன் வழங்கிய கணிப்பொறி துணியுறை போர்த்தித் தலைமையாசிரியர் அறையிற் பூட்டிக் கிடப்பதை நம் ஊர்களிலும் கண்டோர் உண்டு. ‘பள்ளியில் இருக்கிறது’ என்று பதிவேட்டில் எழுதலாம். பிள்ளை எய்தியது என எழுதவியலாது.

உருகுவே நாட்டின் வழி வேறு. அங்கு ‘செய்பால்’ திட்டம் 2007இல் வில்லா கர்தால் என்னும் சிற்றூரிலே தொடங்கிற்று. தலைநகர் மோண்டேவீடியோவுக்குக் கடைசியிலேயே வந்தது. இவ்வரிசை முறையே அத்திட்டத்தின் தலைசிறந்த பண்பு என்பேன். வழக்கமாகக் கடையில் நிற்போர் அங்கே முதலில் நின்றனர். 2009ஆம் ஆண்டின் இறுதிக்குள் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் அனைவர்க்கும், மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பொறிகள் சென்று சேர்ந்தன. பள்ளிகளுக்கு இணைய இணைப்பும் உடன் சென்றது.

அங்கும் இடர் இல்லாமல் இல்லை. 2010ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குப் பொறிகள் பயன்பாட்டில் இல்லை. வாங்குவதற்கு ஒதுக்கும் பணத்தோடு பழுது நீக்கவும் பணம் ஒதுக்க வேண்டும் என்பதை நன்கொடை தரும் பெரியோர் இதனால் உணரலாம்.

ஆசிரியர் சிக்கலுக்கு உருகுவே கண்ட வழியும் சுவையானது. ஆங்கிலம் கற்பிக்க வல்லோர் தொடக்கப் பள்ளிகளில் அரியராயினர். எனவே 2012 முதல், தொலைவிலிருக்கும் ஆங்கில ஆசிரியர் வாரம் ஒருமுறை திரையில் தோன்றிப் பாடம் நடத்தும் முறை வந்தது. மற்ற நாட்களில் அப்பாடத்தைத் தொடர்பவர் வகுப்பாசிரியரே. அவருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டுவதில்லை. பிள்ளைகளோடு அமர்ந்து தாமும் கற்றுக்கொள்கிறார்.